ராணுவத்தில் மேலே போவது திறமையாலா, இனக் கணக்காலா?

2 அக்டோபர் 2025. ஈப்போ வாசகர் ஒருவரின் கேள்வி

அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ஹெக்செத் உலகம் முழுக்க இருக்கும் தன் ஜெனரல்களை வரவழைத்து ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசியதைப் பார்த்தேன். இனி இனம், ஆண் பெண் என்று பார்த்துப் பதவி கிடையாது, திறமை மட்டும்தான் என்கிறார். சரியாகத்தானே சொல்கிறார்? நம் மலேசியாவிலும் திறமையை மட்டும் பார்த்திருந்தால் நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மேலே வந்திருப்பார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 அக்டோபர், இரவு 11.20

இருந்தவன் நான். 21 வருடம், வண்டி பழுது பார்க்கும் பிரிவு. 1984-ல் போனேன், 2005-ல் ஸ்டாஃப் சார்ஜனாக வெளியே வந்தேன். இப்போது சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி பிரேக், கிளட்ச். உங்கள் வண்டியையும் கொண்டு வரலாம்.

அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நாளைக்கு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும். அடுத்த பதவியான வாரண்ட் அதிகாரி ஆக வேண்டிய நான் இரண்டு தடவை தள்ளிப் போடப்பட்டேன். காரணம் என் தோல் நிறம்தான் என்று இருபது வருடமாகத் தேத்தண்ணீர்க் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். தே தாரேக் வாங்கிக் கொடுப்பது நான்தானே.

3 அக்டோபர்

முதலில் ஒரு திருத்தம். செப்டம்பரிலிருந்து அவர்கள் தங்கள் அமைச்சைப் போர் அமைச்சு என்றும் அழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஹெக்செத் போர் அமைச்சர். பெயர் மாறினால் சம்பளம் கூடுமா தெரியவில்லை.

ஜெனரல்களை உட்கார வைத்துக் குவாண்டிகோ முகாமில் அவர் பேசியதை முழுதாகக் கேட்டேன். தொப்பை போட்ட ஜெனரல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னார். அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இது திடீரென்று வந்த பேச்சு இல்லை. போன பிப்ரவரியிலேயே கூட்டுப்படைத் தலைவர் சி.கியூ. பிரவுனைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது கறுப்பர் அவர். அதே நாளில் கடற்படைத் தலைவர் லிசா பிரான்செட்டியும் போனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இவர்களுக்குத் திறமை இல்லையா? பிரவுன் எஃப்-16 ஓட்டியவர். அவரைத் திறமையால் வந்தவர் என்று நினைப்பவர் ஒரு பக்கம், சலுகையால் வந்தவர் என்று நினைப்பவர் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே அவருடைய கோப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. 1977 முதல் 1981 வரை அங்கே தரைப்படைச் செயலாளராக இருந்தவர் கிளிஃபர்ட் அலெக்சாண்டர். அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பர். கர்னலிலிருந்து பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்த வேண்டியவர்களின் பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. அதில் கறுப்பர்கள் இல்லாததைப் பார்த்துக் கையெழுத்துப் போட மறுத்தார். இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. ‘திரும்பப் போய்ப் பாருங்கள். இவர்களுடைய பழைய அறிக்கைகளை எழுதியவர் ஓரவஞ்சனையோடு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்’ என்ற மாதிரி திருப்பி அனுப்பினார். பட்டியல் மாறி வந்தது. கோலின் பவல் பிரிகேடியர் ஜெனரலானது 1979-ல், அந்தக் காலகட்டத்தில்தான். பத்து வருடம் கழித்து 1989-ல் அவர் கூட்டுப்படைத் தலைவர்.

இதைக் கோட்டா என்பதா, திறமை என்பதா? நான் கணக்குச் சரிபார்த்தது என்பேன்.

5 அக்டோபர்

கிள்ளானிலிருந்து ஒருவர், ‘தனபாலசிங்கத்தை மறந்துவிட்டீர்களே’ என்று கேட்டிருக்கிறார். அவரை எப்படி மறப்பது? எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் அவர் படம், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியது, என் அப்பா போகும்வரை இருந்தது.

1967 டிசம்பரில் மலேசியக் கடற்படையின் தலைவரானார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் மலேசியர். வயது 31! அவருக்கு முன்னால் இருந்தவர் ஆஸ்திரேலியக் கடற்படையிலிருந்து வந்தவர். 1955-ல் சேர்ந்து பிரிட்டனின் டார்ட்மவுத்தில் படித்து, பன்னிரண்டே வருடத்தில் அட்மிரல்.

பாருங்கள், திறமைக்குத் திறமை. நம் ஆள்.

5 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

பொறுப்பேற்றபோது அவர் கமோடோர். ரியர் அட்மிரல் ஆனது அப்புறம். திருத்தியவருக்கு நன்றி. கடற்படைக்காரர்கள் பட்டை எண்ணுவதில் கெட்டிக்காரர்கள்.

6 அக்டோபர்

தனபாலசிங்கம் பற்றி எழுதியது ராத்திரி முழுக்க உறுத்தியது. பன்னிரண்டு வருடத்தில் யாராலும் தளபதியாக முடியாது, மேலே இருந்தவர்கள் எல்லாரும் கப்பலேறிப் போனால் ஒழிய. வெள்ளைக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், நாற்காலிகள் காலி. உட்காரத் தகுதியோடு தயாராக நின்றவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் சிறந்தவர் இவர். நின்றதற்குக் காரணம் அவருடைய திறமை. ஆனால் நிற்க விட்டிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1955-ல் ஒரு தமிழ்ப் பையன் அந்த வரிசையில் இருந்ததால்தான் 1967-ல் ஒரு தமிழ்த் தளபதி.

9 அக்டோபர்

நீளமாக எழுதப் போகிறேன். மழை, பட்டறையில் வேலை இல்லை.

மற்ற வேலைக்கும் ராணுவத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கம்பெனிக்கு மேனேஜர் வேண்டுமென்றால் பக்கத்துக் கம்பெனியிலிருந்து கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்து வரலாம். ஜெனரலை அப்படிக் கொண்டுவர முடியாது. கீழே லெப்டினன்ட்டாக நட்டு முப்பது வருடம் வளர்க்க வேண்டும். பவல் 1958-ல் அதிகாரி, 1989-ல் தலைவர். எண்ணிப் பாருங்கள், 31 வருடம். இன்றைக்கு எந்த நாட்டு ஜெனரல்கள் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்தாலும், நீங்கள் பார்ப்பது 1995-ல் யார் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான். அதை இன்றைக்கு எந்த அமைச்சராலும் மாற்ற முடியாது. கோட்டா போட்டும் முடியாது, கோட்டாவை எடுத்தும் முடியாது.

நம் நாட்டில் அந்த நுழைவாசல் எப்படி அமைந்தது? மலாய் ரெஜிமென்ட் 1933 மார்ச் முதல் தேதி, போர்ட் டிக்சனில் 25 பேரோடு ஆரம்பித்தது. அதுவே ஒரு பரிசோதனை. மலாய்க்காரர்களுக்குப் போர் வராது என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் காட்டுவதற்காக. 1942-ல் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் அந்தப் படையின் லெப்டினன்ட் அட்னானும் ஆட்களும் ஜப்பானியரை எதிர்த்து நின்று காட்டினார்கள். ஆகவே ‘அவர்களுக்குச் சலுகை’ என்று நாம் பேசும் அந்தப் படையும் ஒரு காலத்தில் ‘இவர்களால் முடியுமா’ என்று கேட்கப்பட்ட படைதான். இதை ஒரு மலாய் நண்பர் எனக்குச் சொல்லும்வரை நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் எங்கள் ஊர். 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்துதான் அவசரகாலம். ஒரே இனத்துப் படையை வைத்துக்கொண்டு பல இனம் வாழும் நாட்டைக் காப்பது கடினம் என்று புரிந்து, பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் காலத்தில், 1952-ல், எல்லா இனத்தவரும் சேரக்கூடிய பெடரேஷன் ரெஜிமென்ட்டை ஆரம்பித்தார்கள். அது நிலைக்கவில்லை. 1960-ல் கவச வண்டிப் படையோடு இணைந்துவிட்டது. காலாட்படையில் எல்லா இனத்துக்கும் இன்று மிஞ்சியது முக்கியமாக ரேஞ்சர் படை. காலாட்படையின் பெரும்பகுதி இன்றும் மலாய் ரெஜிமென்ட், அதில் மலாய்க்காரர் மட்டுமே.

இதில் பதவி உயர்வு எங்கே வருகிறது? உலகத்தில் பெரும்பாலான தரைப்படைகளில் மேலே போகிறவர் சண்டைப் படையை நடத்தியவர். வண்டி பழுது பார்த்தவர் இல்லை, சாமான் கணக்கு எழுதியவர் இல்லை. ஆகவே 22 வயதில் எந்தப் பிரிவுக்குப் போகிறாய் என்பது 52 வயதில் எவ்வளவு உயரம் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. நம் அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவு, ஒரே தரத்தில் இருக்கும் அரசு ஊழியர்களை இனம் பார்க்காமல் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் ஒரே தரம், ஒரே பிரிவு என்று வந்து சேர்வதற்குள் பாதி வழி கடந்துவிடும்.

கடல் தாண்டிப் பாருங்கள், கண்ணாடி திரும்பிக்கொள்ளும். சிங்கப்பூரில் சிறுபான்மை மலாய்க்காரர்கள். அங்கே ஒரு மலாய்க்காரர் முதல்முறையாக பிரிகேடியர் ஜெனரல் ஆனது 2009-ல். ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாம் பேசுவதை அந்தப் பக்கம் அவர்கள் பேசியிருப்பார்கள், வார்த்தைக்கு வார்த்தை.

10 அக்டோபர்

‘இந்தியாவைப் பாருங்கள், அங்கே திறமைதான்’ என்கிறார் ஒருவர். குமாரமங்கலம், சுந்தர்ஜி, பத்மநாபன் மூவரும் தரைப்படைத் தளபதிகள், மூவரும் தமிழர்கள், உண்மைதான். ஆனால் குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் உரிமை பெற அங்கே 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் மட்டும் என்ன, 1871 வரை அவன் படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கினான். யோக்கியமாகத் திறமையை மட்டும் பார்த்த படை எது என்று யாராவது சொன்னால் இன்றைக்கே போய்ச் சேருவேன். தொப்பையோடு.

12 அக்டோபர்

திறமை, திறமை என்கிறோமே, அதை எப்படி அளக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே தராசு தோட்டத்துத் தராசு.

விடியற்காலை பெரட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. (ராணுவத்தில் சேர்ந்த முதல் நாள் ‘பரேட்’ என்று கத்தியபோதுதான் இரண்டும் ஒரே சொல் என்று உறைத்தது.) பெரட்டில் கங்காணி ஆளுக்கொரு நிரை, அதாவது ரப்பர் மர வரிசை, பிரித்துக் கொடுப்பார். என் அம்மாவுக்கு எப்போதும் மேட்டு நிரை. கிழட்டு மரங்கள், ஏறி இறங்க வேண்டும். கங்காணிக்கு வேண்டியவர்களுக்குப் பள்ளத்தில் இளமரம், தரை சமம், பால் கொட்டும். பதினொரு மணிக்கு எல்லாரும் வாளியைக் கொண்டுபோய் ஆயக்கொட்டகைக்குப் பக்கத்துப் பால் கொட்டகையில் நிறுக்க வேண்டும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தராசைப் பார்த்து எழுதுவார், பாலுக்குள் மெட்ரோலாக் கருவியை விட்டுக் கெட்டி பார்ப்பார். தராசு பொய் சொல்லாது. கிராணியும் நியாயமான மனிதர், ஒரு பவுண்டு கூடக் குறைத்து எழுதியதில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் நல்ல பால்வெட்டுக்காரி என்ற பெயர் எப்போதும் வேறொருத்திக்குத்தான். அம்மா பட்டையில் காயம் படாமல் வெட்டுவார், வெட்டுக்கத்தி பிடிக்கும் கையைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கைக்குத் தராசில் இடம் இல்லை.

ராணுவத்தில் தராசு என்பது ஆண்டறிக்கை. அதை எழுதுபவரும் பெரும்பாலும் நியாயமானவர். ஆனால் யாரைக் களத்துக்கு அனுப்பினார்கள், யாரை ஸ்டோருக்கு, யாரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு? அதெல்லாம் பெரட்டிலேயே முடிந்த விஷயம். பதவி உயர்வு வாரியம் உட்கார்ந்து பார்ப்பது வாளியில் இருக்கும் பாலை மட்டும்.

ஹெக்செத்திடம் யாராவது இதைச் சொல்லுங்கள். அவருக்கு ரப்பர் மரம் தெரியுமோ என்னவோ.

13 அக்டோபர்

‘தோட்டக் கதையை விட்டு விஷயத்துக்கு வா’ என்று ஒருவர். ஐயா, விஷயம் அதுதான்.

இன்னொருவர் நல்ல கேள்வி கேட்டார். கிராணியாக ஏன் ஒரு பால்வெட்டுக்காரர் பிள்ளை வரவில்லை? வந்தார்கள், ரொம்பப் பின்னால். அந்தக் காலத்துக் கிராணிமார் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இல்லை. தகுதிப்படிதான் எடுத்தார்கள், தப்பே சொல்ல முடியாது.

17 அக்டோபர்

இவ்வளவு புலம்பியவன் ஒரு வழியும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரைப்படை 2020-ல் பட்டாலியன் தளபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றியது. முன்பெல்லாம் ஒரு அதிகாரியின் கோப்பை வாரியத்தில் ஒருவர் பார்க்கும் நேரம் சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் நான் டயர் காற்றுக்கூடப் பார்த்து முடிக்க மாட்டேன். புதிய முறையில் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் என்ற இடத்துக்கு வரவழைத்து சில நாள் வைத்துப் பார்த்தார்கள். ஓட்டம், எழுத்து, மனநலம். அந்த அதிகாரிக்குக் கீழே வேலை செய்தவர்களிடமும் கேட்டார்கள். கடைசியில் நேர்காணல், அதுவும் நடுவில் திரை போட்டு. கேட்பவருக்கு யார் பேசுகிறார் தெரியாது, பேசுபவருக்கு யார் கேட்கிறார் தெரியாது. முதல் தடவை தேர்வானவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பழைய முறையில் தேறியிருக்க மாட்டார்களாம்.

எனக்கு இது பிடிக்கிறது. அதிகாரி எப்படிப்பட்டவர் என்று சார்ஜனைக் கேட்டால் தெரியும். என்னை யாரும் கேட்டதில்லை.

ஆனால் திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அதே 2020-ல் வாரியம் பார்க்கும் கோப்பிலிருந்து புகைப்படத்தை எடுத்தார்கள், முகம் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று. அடுத்த வருடமே கடற்படையின் ஆள் நிர்வாகத் தலைவர், படத்தை எடுத்த பிறகு பலதரப்பட்டவர்கள் தேர்வாவது குறைந்திருக்கிறது, திரும்ப வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும் என்றார். இதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது முன்பு முகம் பார்த்து உதவினார்களா? அப்படியென்றால் ஹெக்செத் சொல்வதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. கொஞ்சம். அல்லது கோப்பில் இருக்கும் பால் ஏற்கனவே மேட்டு நிரைப் பாலா? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முதல் நாள் ‘பாதி சரி’ என்று எழுதினேன், அது எந்தப் பாதி என்று எனக்கே இப்போது குழப்பம்.

அமெரிக்கர்கள் இதில் இறங்கியது தர்மத்துக்காக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் கீழே நிறைய கறுப்புச் சிப்பாய்கள், மேலே கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளை அதிகாரிகள். நம்பிக்கை உடைந்து படைக்குள்ளேயே அடிதடி. அந்த அனுபவத்தைத்தான் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் 2003-ல் பல்கலைக்கழகச் சேர்க்கை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 2023-ல் அதே நீதிமன்றம் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனம் பார்ப்பதை நிறுத்தியபோதும், ராணுவக் கல்லூரிகளைப் பற்றி முடிவு சொல்லாமல் ஓர் அடிக்குறிப்பில் விட்டுவைத்தது.

22 அக்டோபர்

தீபாவளிக்கு அக்கா வீட்டிலிருந்து வந்தார்கள். அக்கா மகள், பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதுகிறாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே, ‘மாமா, சுங்கை பெசியில இருக்கற தற்காப்புப் பல்கலைக்கழகத்துல சேரலாம்னு இருக்கேன், அதிகாரியா வரலாமாம். நீங்க ஆர்மில இருந்தவருதானே, சொல்லுங்க’ என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அங்க நமக்கு மேல போக வழியில்லம்மா. டீச்சருக்குப் படி.’

மூன்று வாரமாக இங்கே பவல், பட்டியல், நுழைவாசல் என்று பக்கம் பக்கமாக எழுதியவன், வாசலில் ஒரு பெண் வந்து நின்றதும் கதவைச் சாத்தினேன். யாரும் சாத்தச் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி பாட்டி ஞாபகம். எங்கள் தோட்டத்திலிருந்து 1943-ல் நேதாஜி படைக்குப் போன பெண்களைப் பற்றி நிறையச் சொல்வார். ஜான்சி ராணி படை, சிங்கப்பூரில் பயிற்சி. ரப்பர் வெட்டின கையில் துப்பாக்கி. தலைவி லட்சுமி ஒரு டாக்டர். பாட்டி ஒரு விஷயத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: படித்த வீட்டுப் பெண்கள் அதிகாரி, தோட்டத்துப் பெண்கள் சிப்பாய். அங்கேயும் நிரை பிரித்திருக்கிறார்கள். ஆனாலும் போனார்கள்.

25 அக்டோபர்

இதை எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள்.

தகரப் பெட்டியைத் திறந்து என் பழைய காகிதங்களை எடுத்தேன். முதல் தடவை நான் வாரண்ட் அதிகாரி ஆகாததற்குக் காரணம் அங்கேயே தட்டச்சில் இருக்கிறது. அந்த வருடம் ஓட்டத் தேர்வில் தேறவில்லை. 2.4 கிலோமீட்டர். எனக்கு ஞாபகமே இல்லை, அல்லது ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. இருபது வருடம் கடையில் சொன்ன கதையில் பாதி போயிற்று.

இரண்டாவது தடவை நான் தேறியிருந்தேன். கிடைத்தது என்னோடு ஒரே பட்டறையில் இருந்த மலாய் நண்பருக்கு, என்னைவிட ஒரு வருடம் இளையவர். அவர் கோப்பில் இருந்தது, என் கோப்பில் இல்லாதது: சோமாலியா. 1993 அக்டோபரில் மொகடிஷுவில் அமெரிக்கச் சிப்பாய்கள் மாட்டிக்கொண்டபோது மலேசியர்கள்தான் கொண்டோர் கவச வண்டிகளை ஓட்டிப் போய் மீட்டார்கள். அந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பியபோது எங்கள் அதிகாரி அவரைச் சொன்னார், என்னை ஸ்டோரில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கை தூக்கவும் இல்லை, பையன் பிறந்து மூன்று மாதம்.

ஆகவே என் கணக்கு: ஒரு தடவை தொப்பை, ஒரு தடவை நிரை. அந்த நிரையைப் பிரித்தபோது அதிகாரி மனதில் இனம் இருந்ததா? இருந்திருக்கலாம். என் பையனை நினைத்து இரக்கப்பட்டும் இருக்கலாம். நண்பர் ஹரி ராயாவுக்கு இன்றும் லெமாங் கொண்டுவருகிறார். நல்ல மெக்கானிக். என்னைவிடவா? கியர்பாக்ஸில் இல்லை. மற்றதில், ஆமாம்.

ஈப்போ வாசகரே, இதெல்லாம் நீங்கள் கேட்டதால் வந்த வினை.

26 அக்டோபர்

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு: நான் சோகமாக இல்லை. கடையில் சொல்ல இப்போது இன்னும் நீளமான கதை கிடைத்திருக்கிறது.

8 நவம்பர்

அக்காவுக்குப் போன் செய்தேன். ‘பிள்ளை இன்னும் அதே எண்ணத்துல இருக்காளா?’ இருக்கிறாளாம். நான் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லையாம். கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். சேரும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுப் பார், வண்டிப் பக்கம் தள்ளினால் உடனே தலையாட்டாதே. களத்துக்கு ஆள் கேட்டால் கை தூக்கு. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று வருடா வருடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். ‘அப்ப நீங்க இதெல்லாம் செஞ்சீங்களா மாமா?’ என்றாள். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வார இறுதிக்கு இங்கேதான் இருக்கிறாள். காலை ஆறரைக்குத் தாமான் திடலில் ஓடுகிறோம். அவள் 2.4 கிலோமீட்டரை இன்று பதினான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, ஒட்டுக்கடையில் நாசி லெமாக் வாங்கி, பாதி தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நான் இன்னும் ஒரு சுற்று பாக்கி வைத்திருந்தேன்.